வண்டு பிறந்த இடம்

ஓயெபுனு, தீமோர் மலை
6 அக்டோபர் 1988

அன்புத் தம்பி யெர்மியாஸுக்கு,

உன் கூரைக்குக் கீழே இருக்கும் எல்லோரையும் ஆண்டவர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் டோர்ச்சிக்கு வயிற்றில் ஆறு மாதம் முடிந்திருக்குமே, தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடாதே.

சங்கதிக்கு வருகிறேன். ஆகஸ்டில் வட்டார விவசாய அதிகாரி வந்து, "புது விதை வருது, வச்சிருக்கிறத எடுத்துச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனது உனக்குத் தெரியும். போன வருஷம் மழை இல்லை. பசித்தவனிடம் இப்படிச் சொன்னால் கேட்பானா, யோசிப்பானா? ஊரே பரணில் தொங்கிய விதைக் கதிர்களை இறக்கிக் காய்ச்சிக் குடித்துவிட்டது. நானும்தான்.

ஒன்றாம் தேதி லாரி வந்தது. மக்காச்சோள விதை அறுபது மூட்டை. நம் சபைக் கோவிலுக்குள் இறக்கினார்கள். நான் பெண்கள் சங்கத்துச் செயலாளர் என்பதால் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். ஒரு மூட்டையின்மேல் சாய்ந்து உட்கார்ந்தேன். உள்ளே மணல் சரிகிற மாதிரி சத்தம் கேட்டது. போதகரையும் சங்கத்து மர்செலினாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தையலைப் பிரித்தேன். முதலில் மாவு கொட்டியது. அப்புறம் வண்டு. மூக்கு நீண்ட அந்தக் கறுப்பு வண்டு, நம் ஊர்க்காரர்கள் ஃபுஃபுக் என்பார்களே, அதுதான். அதற்கப்புறம்தான் சோளம், ஊசியால் குத்தின மாதிரி துளைத் துளையாக.

ஐந்து மூட்டையில் இருந்து நூறு மணி எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். நேற்று எண்ணினேன். முளைத்தது முப்பத்தொன்று.

கிராமத் தலைவர் சிம்சோன் பேனாவை நீட்டியபடியே நின்றார். "கையெழுத்தப் போடு ஓர்பா. பெரியவங்க குடுத்தா ரெண்டு கையால வாங்கிக்கணும்."

"எனக்குக் குடுத்தாங்களா, வண்டுக்குக் குடுத்தாங்களா தலைவரே? வண்டுக்குன்னா அதையே போடச் சொல்லுங்க."

மர்செலினா சிரித்துவிட்டாள். அதில்தான் அவருக்குக் கோபம். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இந்த விதை வந்த கிடங்கில்தான் நீ வேலை செய்கிறாய். இந்த மூட்டைகள் எங்கே எத்தனை மாதம் கிடந்தன, யார் பார்த்து அனுப்பினார்கள் என்று விசாரித்து எழுது. பேருந்து ஓட்டுநர் நிம்ரோத் வியாழன்தோறும் குப்பாங்கில் இருந்து கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தால் போதும்.

டோர்ச்சிக்கும் குட்டிப் பையனுக்கும் முத்தம்.

உன் அக்கா
ஓர்பா

*

குப்பாங்
20 அக்டோபர் 1988

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம். இங்கே எல்லோரும் நலம், முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், படுக்கும்முன் தேயுங்கள். டோர்ச்சிக்குக் கால் வீங்குகிறது, மற்றபடி குறை இல்லை. பையனுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து போனது. இப்போது முற்றத்துக் கோழியைத் துரத்துகிறான். வீட்டுக்குத் தகரக் கூரை போட்டுவிட்டோம். மத்தியானத்தில் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, ஆனால் ஒழுகாது. கடற்கரைச் சாலையில் விளக்கு போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டோர்ச்சியை அழைத்துப் போய்க் காட்டினேன். வேலையிலும் நல்ல பெயர். ஜனவரியில் என்னை நிரந்தரம் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

விதை விஷயம். வண்டு எங்கேயும் இருக்கும் அக்கா. நம் ஊர் வட்டவீடுகளின் பரணில் எப்போதும் பழைய கதிர் கிடக்கும். அங்கிருந்து பறந்து வந்திருக்கலாம். வெயிலில் காயவைத்துப் புடைத்துவிட்டு, குழிக்கு இரண்டுக்குப் பதில் நாலு போடச் சொல்லுங்கள். சரியாகிவிடும். ஒரு காகிதம்தானே, கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

சங்கத்துப் பெண்களுக்கும் என் பழைய கூட்டாளி ஹாபெலுக்கும் என் விசாரிப்புகள்.

அன்புத் தம்பி
யெர்மியாஸ்

*

ஓயெபுனு
28 அக்டோபர் 1988

தம்பிக்கு,

உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் ஜெபிக்கிறேன். தைலம் கிடைத்தது. அதைத் தேய்த்தால் கால் வலி போகிறது, மூக்கு எரிகிறது.

பறந்து வந்தது என்கிறாய். தையல் பிரிக்காத மூட்டைக்குள், வந்து இறங்கிய அன்றைக்கே, மணிக்கு மணி துளை போட்டு, மாவாக்கி, பிள்ளை பெற்று, பேரன் எடுத்தா பறந்து வந்தது? நம் பரணில் கதிரே இல்லை, யெர்மி. தின்றுவிட்டோம் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். இரண்டாம் தடவை படித்துப் பார்.

அதிகாரியும் இதையேதான் சொல்கிறார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி இருக்கிறது.

இப்படித்தான் சொல்வீர்கள் என்று முன்பே நினைத்து நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். மர்செலினா வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே புகைபிடித்த ஒரே ஒரு கதிர் தப்பிக் கிடந்தது. பல் வைத்துப் பார்த்தேன், கல் மாதிரி. அதில் நாற்பது மணி உதிர்த்து கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூட்டையில் இருந்து பிடித்த பத்து வண்டை உள்ளே விட்டேன். அக்டோபர் மூன்றாம் தேதி. மூன்று நாள் கழித்து பத்தையும் எண்ணி வெளியே எடுத்து நசுக்கிவிட்டு, வாயில் துணி கட்டி வைத்திருக்கிறேன். போதகர் தேதி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். தாய் முட்டையிட்டிருந்தால் பிள்ளை மணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எத்தனை நாளில் வருகிறது என்று பார்ப்போம். அத்தனை நாளுக்கு முன்னால் இந்த மூட்டைகள் எங்கே இருந்தனவோ, அதுதான் வண்டு பிறந்த இடம்.

ஹாபெலிடம் உன் விசாரிப்பைச் சொன்னேன். நான் கையெழுத்துப் போடாமலேயே தலைவர் மூட்டைகளைப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார், அவனும் அந்த விதையையே வாங்கிக்கொண்டு போய்விட்டான். "யெர்மி வேலை பாக்குற கிடங்குல இருந்து வந்தது, மோசமாவா இருக்கும்?" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை.

விசாரிக்கச் சொன்னேனே, விசாரித்தாயா?

அக்கா

*

ஓயெபுனு
13 நவம்பர் 1988

தம்பிக்கு,

சுகமா? இரண்டு வியாழன் போய்விட்டது. நிம்ரோத் வெறுங்கையை விரித்துக் காட்டுகிறான். டோர்ச்சிக்கு ஒன்றும் இல்லையே? அதற்காவது ஒரு வரி எழுது.

முதல் வண்டு ஏழாம் தேதி வந்தது. முப்பத்தைந்தாம் நாள். செம்பழுப்பு நிறத்தில், பிறந்த குழந்தை மாதிரிதான் இருந்தது. மறுநாள் மூன்று. நேற்றுவரை பதினேழு. அக்டோபர் ஒன்றாம் தேதி துளையோடு வந்த விதை, குறைந்தது ஆகஸ்டு கடைசியிலேயே வண்டுக்குத் தொட்டிலாகிவிட்டது. ஆகஸ்டில் அது எங்கே இருந்தது, நம் ஊரிலா?

போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, வட்டார அலுவலகம் இருக்கும் சந்தை ஊருக்குப் போனேன். அதிகாரி மேசையில் வைத்தேன். நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"நாள் கணக்கு, ஐயா. முட்டையில இருந்து வண்டு வர முப்பத்தஞ்சு நாள்."

"பூச்சிக்குக்கூட நாள் கணக்கு இருக்கா?"

"பொம்பளைக்கு இருந்தா அதுக்கும் இருக்கும். அதுவும் பெத்துத்தானே எடுக்குது."

அங்கே தட்டச்சுக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "அரசாங்கம் குடுக்கறத வேண்டாம்னு சொல்றவங்களுக்கு வேற பேர் இருக்கு. உங்க பேரை எந்தப் பட்டியல்ல எழுதணும்னு எனக்குத் தெரியும்."

தம்பி, அறுபத்தைந்தில் கம்யூனிஸ்டு என்று அந்த மாதிரிப் பட்டியலில் பெயர் வந்தவர்களை எப்படிக் கொன்றார்கள் என்று எனக்குத் தெரியும். நீ அப்போது சின்னப் பிள்ளை. "ஓ என்ற எழுத்துல ஆரம்பிக்கும், தப்பில்லாம எழுதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, போத்தலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பத்தாம் தேதி முதல் மழை விழுந்தது. மண் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. போடத்தான் விதை இல்லை.

அக்கா

*

குப்பாங்
21 நவம்பர் 1988

அக்காவுக்கு,

நாங்கள் நலம். டோர்ச்சியும் நலம்.

நிறுத்திவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் அதிகாரியின் மேசையில் போத்தல் வைத்தது இங்கே முதலாளி காதுவரை வந்துவிட்டது. "ஓர்பா நோமேன்னு ஒருத்தி, உனக்குச் சொந்தமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். தூரத்து உறவு என்று சொன்னேன்.

ஜனவரிக்கு இன்னும் ஆறு வாரம். எனக்கு ஒரு குழந்தை இருக்கிறது, இன்னொன்று வருகிறது. அந்தப் போத்தலை அடுப்பில் போடுங்கள். ஊர் பட்டினி கிடந்தால் நான் அரிசி அனுப்புகிறேன். சங்கதி தெரியாமல் பேசாதீர்கள்.

யெர்மியாஸ்

*

ஓயெபுனு
4 டிசம்பர் 1988

என் தூரத்து உறவுக்கு,

நலமாக இரு. டோர்ச்சிக்கு இது கடைசி மாதம், பக்கத்திலேயே இரு.

சங்கதி தெரியாமல் பேசுவதாக எழுதியிருக்கிறாய். முதல் நாளே எனக்குச் சங்கதி தெரியும், யெர்மி. ஒவ்வொரு மூட்டை வாயிலும் ஓர் அட்டை கட்டியிருந்தது. 'பரிசோதிக்கப்பட்டது, விதைக்கத் தகுதியானது.' கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? கரியால் சுவரில் எழுத வைத்து உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். கடைசி எழுத்துக்கு வால் நீட்டாதே என்று எத்தனை தடவை கையில் தட்டியிருப்பேன். அறுபதிலும் அந்த வால் இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலமே அறுபதையும் அறுத்து எடுத்துவிட்டேன். போதகர், "அட்டை ஒண்ணும் இல்லியே ஓர்பா?" என்று கேட்டார். "வரும்போதே இல்லீங்க" என்றேன். கோவிலுக்குள் நின்று பொய் சொன்னேன். அந்த அட்டை ஒன்றைக் காட்டியிருந்தால் அதிகாரி வாயடைத்துப் போயிருப்பார். அந்தப் பட்டியல் பேச்சும் வந்திருக்காது.

விசாரித்து எழுது என்று இரண்டு மாதமாகக் கேட்டது எதற்கு? நீயாகச் சொல்லட்டும் என்றுதான்.

அரிசி வேண்டாம். நானும் மர்செலினாவும் இன்னும் ஒன்பது பெண்களும் இரண்டு நாள் நடந்து மேற்கு மலைக்கு, அம்மாவின் அண்ணன் வீட்டாரிடம் போனோம். அங்கே புகை குறையாத பரண். மாமா விதையைச் சும்மா கொடுக்கவில்லை, நாங்களும் சும்மா கேட்கவில்லை. அவர்கள் காட்டில் பன்னிரண்டு நாள் களை எடுத்தோம். ஆளுக்கு இரண்டு கட்டுக் கதிரைச் சுமந்துகொண்டு முப்பதாம் தேதி வந்து சேர்ந்தோம். மறுநாளே ஊன்றிவிட்டோம். பதினோரு வயலுக்குத்தான் காணும். மற்றவர்கள் மூட்டை விதையைத்தான் போட்டிருக்கிறார்கள். தலைவர், வெட்கம் வேண்டாமா என்று எங்களைக் கேட்டுவிட்டு, குழிக்கு நாலாகப் போட்டார். அவர் வயலைப் போய்ப் பார்த்தேன். வழுக்கைத் தலையில் அங்கொன்று இங்கொன்று முடி இருக்குமே, அப்படி இருக்கிறது. ஹாபெலின் வயல் அதைவிட மோசம்.

அட்டைகள் என்னிடம்தான் இருக்கின்றன. யாரிடமும் காட்டவில்லை. காட்டமாட்டேன் என்று எழுதவும் என் கை வரவில்லை.

ஓர்பா

*

குப்பாங்
16 ஜனவரி 1989

அக்காவுக்கு,

டிசம்பர் இருபத்திரண்டில் பெண் பிறந்தாள். தாயும் சேயும் நலம். உங்கள் சாடை. அழும்போது ஊரைக் கூட்டுகிறாள்.

ஆறு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

மே மாதத்தில் இருந்து அந்த மூட்டைகள் எங்கள் கிடங்கில் கிடந்தன. பக்கத்திலேயே பழைய தீவனச் சோளம். கூரை ஒழுகியது. ஜூலையில் நான் மூட்டையைத் தொட்டேன், சூடாக இருந்தது. உள்ளே உயிர் இருந்தால்தான் சோளம் சூடாகும். முதலாளியிடம் சொன்னேன். "சலிச்சுப் போடு" என்றார். ஆளை வைத்து இரண்டு நாள் சலித்தோம். வண்டு போனது, துளை போகுமா? முட்டை போகுமா? செப்டம்பரில் அட்டைக் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். "எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்டேன். "மலைக்கு. அவங்க எதைப் போட்டாலும் முளைக்க வைப்பாங்க" என்றார். ஒரே மத்தியானத்தில் அறுபதிலும் கையெழுத்துப் போட்டேன். நம் ஊருக்கு என்று எனக்குத் தெரியாது, அக்கா. லாரி கிளம்பியபிறகுதான் தெரியும். வேறு ஊர் என்றால் பரவாயில்லையா என்று டோர்ச்சி கேட்டாள்.

என்னை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள்.

அட்டைகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

யெர்மி

*

ஓயெபுனு
5 பிப்ரவரி 1989

தம்பிக்கு,

குழந்தைக்கும் தாய்க்கும் என் ஆசீர்வாதம். நெற்றியில் நான் வைத்ததாக ஒரு முத்தம் வை.

இங்கே நலம் என்று எழுத முடியாது. மூட்டை விதை போட்டவர்கள் காட்டுப் பனையின் தண்டுக்குள் இருக்கும் சோற்றை இடித்துக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பதைப் பங்கு போடுகிறோம், போதவில்லை. போன வாரம் ஹாபெலின் தாய் இறந்துபோனாள். பசி என்று யாரும் சொல்லவில்லை. இருமல் என்றார்கள். அவள் கையைத் தூக்கி மார்பில் வைத்தவள் நான். அதில் எடையே இல்லை.

அதோடு முடியவில்லை. அலுவலகத்தில் இருந்து ஆணை வந்திருக்கிறது. விதை கெட்டதற்குக் காரணம், நாங்கள் அடுப்பு மூட்டி மேலே கதிர் தொங்கவிடும் வட்டவீடுகளாம். இருட்டாகவும் புகையாகவும் இருப்பதால் வண்டு அங்கே குடியிருக்கிறதாம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் எல்லா வட்டவீட்டையும் இடித்துவிட்டு அடுப்பைச் சதுர வீட்டுக்கு மாற்ற வேண்டுமாம். அந்தப் புகைக்குப் பயந்துதானே வண்டு உள்ளே வராமல் இருக்கிறது? நோயாளியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு மருத்துவச்சியை வெளியே தள்ளுகிறார்கள். இந்த மழைக்கு விளைவதை அடுத்த விதைப்பு வரைக்கும் எங்கே தொங்கவிடுவோம்?

அட்டையைக் கேட்டாய். நீ இல்லாமல் அதை வெளியே எடுக்கமாட்டேன். ஆனால் நான் என் வீட்டை இடிக்கவும் மாட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் என்னை எத்தனை நாள் நிறுத்தி வைக்கப் போகிறாய் என்று நீதான் சொல்ல வேண்டும்.

மார்ச் நாலாம் தேதி சந்தை ஊரில் எல்லாக் கிராமத்தாரையும் கூட்டிப் பேசுகிறார்கள்.

அக்கா

*

குப்பாங்
20 பிப்ரவரி 1989

அக்கா,

குழந்தை நலம்.

நாலாம் தேதி காலைப் பேருந்தில் வருகிறேன். அட்டைகளைக் கொண்டுவாருங்கள். நான் பேசுகிறேன்.

யெர்மி

*

ஓயெபுனு
2 ஏப்ரல் 1989

தம்பி யெர்மியாஸுக்கு,

பிள்ளைகள் சுகமாக இருக்கட்டும்.

நாலாம் தேதி பேருந்து வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நிம்ரோத் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அட்டைக் கட்டை இடுப்புத் துணிக்குள் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். போத்தலை மட்டும் எடுத்து வைத்தேன். அதிகாரி, "ஆதாரம் எங்கம்மா? எவன் அனுப்பினான், எவன் பார்த்தான்?" என்று கேட்டார். "கையெழுத்துப் போட்டவன் யாருன்னு எனக்குத் தெரியும். அவனே வந்து சொல்லட்டும்" என்றேன். சிரித்தார்கள். நம் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள்.

உன்னிடம் காரணம் கேட்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதியைப் பற்றிச் சொல்கிறேன், நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் அதிகாரியும் கடப்பாரையோடு பன்னிரண்டு ஆட்களும் வந்தார்கள். ஊரில் அறுபத்திரண்டு வட்டவீடு. ஒவ்வொன்றிலும் பெண்கள் உள்ளே போய் உட்கார்ந்து அடுப்பை மூட்டிவிட்டோம். பச்சை விறகு. ஆண்கள் வயலுக்குப் போய்விட்டார்கள், யாரையும் அடிக்க அவர்களுக்கு ஆள் கிடைக்கக்கூடாது என்று நான்தான் அனுப்பினேன். தலைவரின் மனைவியும் உள்ளே உட்கார்ந்துகொண்டாள். "வெளிய வாடி" என்று சிம்சோன் வாசலில் நின்று கத்தினார். "உள்ள வந்து சொல்லுங்க, சோளம் வறுத்துத் தர்றேன்" என்றாள். அவர் உள்ளே போகவில்லை.

அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். நம் வாசல் உயரம் உனக்குத் தெரியும். மண்டியிட்டுத்தான் நுழைய வேண்டும். நுழைந்தார். நான் ஒரு சுள்ளியைச் செருகினேன்.

"இப்படி இருந்தா கண்ணு போயிடும்மா" என்றார், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"ஆமாங்க. வண்டுக்கும் அப்படித்தான் இருக்கும். உக்காருங்க, மேல ஏறிப் பாருங்க. இந்தப் பரண்ல ஒரே ஒரு வண்டு காட்டுனீங்கன்னா நானே இடிச்சுத் தர்றேன்."

மனிதர் ஏறினார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாக அறுத்த கதிர் நெருக்கமாகத் தொங்குகிறது. மேற்கு மலை விதை, யெர்மி, தோகை இறுக்கி மூடிய கதிர். பத்தைப் பிரித்துப் பார்த்தார். இருமிக்கொண்டே இறங்கினார். வெளியே போய் வெகுநேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆணை ரத்தாகவில்லை. மறுபடி வருவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வரட்டும், விறகு இருக்கிறது.

சாயங்காலம் மர்செலினா கேட்டாள். "அந்தக் கையெழுத்துக்காரன் யாருன்னு எங்கிட்டயாவது சொல்லேன்." நான் சொல்லவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அவள் மறுபடி கேட்கவும் இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஓர்பா

*

குப்பாங்
11 ஏப்ரல் 1989

அக்காவுக்கு,

நாங்கள் நால்வரும் உயிரோடு, சுகமாக இருக்கிறோம்.

நாலாம் தேதி நான் பேருந்தில் ஏறினேன். பாதி வழியில், ஆற்றங்கரைச் சந்தையில் காப்பி குடிக்க நிறுத்தினார்கள். எல்லோரும் ஏறினார்கள், நான் ஏறவில்லை. அவ்வளவுதான். இதைவிட நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி நடந்ததை நீங்கள் எழுதுமுன்பே நிம்ரோத் சொல்லிவிட்டான். எங்கள் கிடங்கு வாசலில் நின்று, லாரிக்காரர்கள் எல்லோருக்கும் நடித்தே காட்டினான். அதிகாரி மண்டியிட்டதை, இருமியதை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "யாருப்பா அந்த அம்மா?" என்று ஒருவன் கேட்டான். "என் அக்கா" என்று சொல்லிவிட்டேன். முதலாளி பின்னால்தான் நின்றார்.

சொல்லி முடித்ததும் அடுத்தது சுலபமாக இருந்தது. வீட்டுக்கு வந்து எழுதினேன். 'யெர்மியாஸ் நோமே ஆகிய நான், அறுபது மூட்டை விதையும் கெட்டுப்போனது என்று தெரிந்தே, தகுதியானது என்று கையெழுத்திட்டேன். வண்டு கிடங்கிலேயே இருந்தது.' மே மாதத்தில் இருந்து நடந்ததைத் தேதியோடு எழுதினேன். ஒன்று பெரிய அலுவலகத்துக்கு, ஒன்று சபைத் தலைவருக்கு, ஒன்று முதலாளி கையிலேயே. வேலை அந்த நிமிஷமே போயிற்று. இரண்டு நாள் காவல் நிலையத்தில் உட்கார வைத்துக் கேட்டார்கள், மறுபடி கூப்பிடுவார்களாம். டோர்ச்சி அழவில்லை. சட்டி பானைகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நாலாவது பிரதி இத்துடன் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன்.

எங்களுக்கு அங்கே இடம் இருக்குமா அக்கா?

யெர்மி

*

ஓயெபுனு
18 ஏப்ரல் 1989

அன்புத் தம்பி யெர்மியாஸுக்கு,

உனக்கும் டோர்ச்சிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வழித்துணையாக ஆண்டவர் இருக்கட்டும். நான் சுகம்.

உன் பிரதியை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசித்தேன். அதற்கு முன்னால் அட்டைகள் அறுபதையும் பலிபீடத்துக்கு முன் இருந்த மேசையில் பரப்பி வைத்து, இவை வரும்போதே இல்லை என்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். போதகர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்புறம் உன் கடிதத்தை எழுத்து விடாமல் வாசித்தேன், உன் பெயரையும் விடவில்லை. சிலர் எழுந்து வெளியே போனார்கள். சிம்சோன் அட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குத் தானே கொண்டுபோவதாகச் சொன்னார். அவரிடம் முப்பது கொடுத்தேன். முப்பதை வைத்துக்கொண்டேன். அவரை அந்த அளவுக்குத்தான் நம்புகிறேன்.

வீடு இடிக்கும் ஆணையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அடுத்த வருஷ விதையை இறக்கும்போது, நாங்கள் நூறு மணி முளைக்கப் போட்டுப் பார்த்தபிறகுதான் லாரி திரும்ப வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் எழுதி அனுப்பியிருக்கிறோம். ஐம்பத்து நாலு பெண்கள் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரல் வைத்தார்கள். பதில் வராது என்று எனக்குத் தெரியும். வராவிட்டால் இன்னொன்று எழுதுவோம்.

இடம் இருக்குமா என்று கேட்டாய். என் வீட்டில் இருக்கிறது. ஊரில் இருக்குமா என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஹாபெல் கடைசிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் போனபிறகு என்னிடம் வந்து, "எப்ப வர்றான்?" என்றான். அவ்வளவுதான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிம்ரோத்தின் வியாழக்கிழமைப் பேருந்தில் என்று நானே சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவன் சாலை முக்கில் நிற்பான். நானும் நிற்பேன், குழந்தையை நான் வாங்கிக்கொள்வேன், டோர்ச்சியின் மூட்டையைச் சுமப்பேன். அவன் தன் தாயைப் பற்றி உன்னிடம் கேட்பான்.

நான் குறுக்கே வரமாட்டேன். நீதான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை நடுவழியில் இறங்காதே.

உன் அக்கா
ஓர்பா